கேப்டனின் ஆறடிக் கடல்

கேப்டன் வெண்டல் ஆற்றங்கரையில் குதிரையை நிறுத்தினார். எதிரே இருநூறு ஏக்கர் நெல்வயல் அறுப்பு முடிந்து, தாள் எரிந்து, கரிகரியென்று கிடந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இவ்விடத்தில் ஒரு கடல் தோன்றட்டும்!" என்றார்.

மடைக்காரன் குவாக்கோ தலையைச் சொறிந்தான். கடலைத் தோற்றுவிக்கும் வேலை அவனுடையது. இருபத்தாறு வருடமாக ஒகீச்சி ஆற்றுத் தண்ணீரைத் தோட்டத்து வயலுக்குள் விடுவதும் வெளியே அனுப்புவதும் அவன்தான். கடல் ஏறும்போது ஆறும் ஏறும். மதகின் வெளிக்கதவைத் தூக்கினால் வயல் நிறையும். கடல் வற்றும்போது ஆறும் இறங்கும். உள்கதவைத் தூக்கினால் வயல் காலியாகும். இதைக் கேப்டனுக்குச் சொல்ல அவன் வாயைத் திறந்தான். கேப்டன் கையை உயர்த்தினார். விவரங்கள் அவருக்கு ஒத்துக்கொள்வதில்லை.

"ஆறு அடி ஆழம். யாங்கிப் படையின் பீரங்கிகளும் குதிரைகளும் அகந்தையும் ஒருங்கே மூழ்க வேண்டும்!"

"ஆகட்டும் துரை" என்றான் குவாக்கோ. குதிரைக்கு ஐந்தடி போதும், அகந்தைக்கு எவ்வளவு வேண்டும் என்று அவனுக்குத் தெரியாது.

வடக்கும் தெற்கும் மோதும் இந்தப் போருக்கு முன் கேப்டன் மேட்டுநாட்டில் வக்கீல். ஒவ்வொரு ஜூலை மாதமும் சுதந்திர தினக் கூட்டத்தில் மூன்று மணி நேரம் பேசுவாராம். மக்கள் நிழலுக்காக உட்கார்ந்திருப்பார்களாம். இப்போது அவர் கையில் ஒரு படை இருந்தது. மொத்தம் இருபத்திரண்டு பேர். பாதிப் பேருக்குப் பல் இல்லை, பாதிப் பேருக்கு மீசை இல்லை. ஆனால் எல்லோர் கையிலும் வாத்து சுடும் துப்பாக்கி இருந்தது. வாத்துக்கும் மனிதனுக்கும் அதிகம் வித்தியாசம் பார்க்காத துப்பாக்கி.

"இன்னொன்று" என்றார் கேப்டன். "நாளை உச்சிவேளை ஏற்றத்தில் மூன்று தட்டைப் படகுகள் வரும். இத்தோட்டத்து மக்களாகிய நீங்கள் அனைவரும் அக்கரை சேர்க்கப்பட்டு, ரயில் மூலம் உள்நாட்டுக்கு அனுப்பப்படுவீர்கள். உங்கள் பாதுகாப்பின் பொருட்டு."

பாதுகாப்பு என்றால் என்ன என்று அடிமைகளின் லயத்தில் எல்லோருக்கும் தெரியும். சென்ற வசந்தத்தில் இருபது பேரைப் பாதுகாப்பாக அனுப்பினார்கள். அதில் பதினோரு பேரை முதல் ரயில் நிலையத்திலேயே விற்றுவிட்டார்கள் என்று வண்டிக்காரன் வந்து சொன்னான். புருஷன் ஒரு பக்கம், பெண்டாட்டி ஒரு பக்கம். குவாக்கோவுக்கு டைரா என்று ஒரு மனைவி, பெந்தா என்று பத்தொன்பது வயதில் ஒரு மகள். தோட்டத்துத் துரை போன வாரமே ஊரை விட்டுப் போய்விட்டார். முதல் படகில் பியானோவை ஏற்றினார். மனிதர்களுக்கு இப்போதுதான் முறை வந்திருக்கிறது.

மேற்கே, வயலுக்கு அந்தப் பக்கம், காட்டுக்கு மேலே மூன்று நாளாகப் புகை எழும்பிக்கொண்டிருந்தது. அடிமைகளை விடுவித்துக்கொண்டே வரும் வடக்கு யாங்கிப் படையின் நீலச்சட்டைக்காரர்கள் அங்கேதான் இருந்தார்கள். இடையில் இந்த வயல் மட்டும்தான். அதைத்தான் கடலாக்கச் சொல்கிறார்கள், அதுவும் அவன் கையாலேயே.

ஏற்றம் வந்தது. குவாக்கோ வெளிக்கதவைத் தூக்கினான். நான்கு விரல் அளவுக்குத் தூக்கி ஆப்பு வைத்தான். தண்ணீர் கரியின்மேல் பரவியது. எரித்த வயலில் ஒரு சாண் தண்ணீர் நின்றால் போதும், அடி தெரியாது. நூறு அடி ஆழம் என்றாலும் நம்பலாம்.

மதகடியில் அளவுகோல் நின்றது. அதைப் பார்க்கச் சேற்றில் இறங்க வேண்டும். கேப்டனின் பூட்ஸ் புதிது.

"எத்தனை அடி?" என்று குதிரைமேலிருந்தே கேட்டார்.

குவாக்கோ குனிந்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்து, "ரெண்டடி துரை!" என்றான். அரையடிகூட இல்லை. மாலையில் நாலடி என்றான். பொழுது சாயும்போது, "ஆறடி துரை, ஒரு விரக்கடை கூடவே இருக்கும்" என்றான். கேப்டன் தொப்பியைத் தூக்கி அந்த நீர்ப்பரப்புக்கு வணக்கம் சொன்னார்.

கங்காணி பிரிஸ்டல் மட்டும் மதகுக்கு அருகே வந்து நின்றான். அவனும் அடிமைதான், ஆனால் சாட்டை வைத்திருக்கும் அடிமை. கதவைப் பார்த்தான். நான்கு விரல் இடைவெளியைப் பார்த்தான். பிறகு குவாக்கோவைப் பார்த்தான்.

"கதவு கனமா இருக்கோ?"

"வயசாயிடுச்சு அண்ணே. முன்ன மாதிரி தூக்க முடியலை."

"எனக்கும் வயசுதான். பொழுது சாஞ்சா கண்ணு மங்குது." பிரிஸ்டல் சாட்டையைச் சுருட்டி இடுப்பில் செருகினான். "விடிஞ்சா நல்லாத் தெரியும். அதை ஞாபகம் வச்சுக்க."

அன்று இரவு துரையின் பெரிய வீட்டு பட்லர் பாம்ப்பி லயத்துக்கு வந்தான். வயல்காரர்களோடு அவன் பேசுவது வருடத்துக்கு ஒரு முறை, கிறிஸ்துமஸ் அன்று, மூக்கைச் சுளித்துக்கொண்டு. இப்போது வால்கோட்டும் மெருகு போட்ட ஷூவுமாக டைராவின் குடிசை வாசலில் நின்றான்.

"என் பேரையும் படகுப் பட்டியல்ல போட்டிருக்காங்க" என்றான். "பியானோவோட என்னையும் ஏத்துவாங்கன்னு நெனச்சேன்."

"பியானோ திருப்பிப் பேசாது" என்றாள் டைரா. "உள்ள வா. ஷூவைத் தொடைச்சுட்டு வா, எங்க மண்ணு அழுக்காயிடப் போவுது."

பாம்ப்பி கொண்டுவந்த செய்தி பிரயோசனமானது. "ஆறடின்னு கேப்டன் ஜெனரலுக்குக் கடுதாசி எழுதிட்டாரு. எழுதி மூணு தரம் சத்தமாப் படிச்சாரு. மோசே பிளந்த கடலைவிட இது பெரிசாம்."

"அந்தக் கடல்ல சனங்க தப்பிச்சுப் போனாங்களே, அது அவருக்கு ஞாபகம் இருக்கா?" என்றாள் டைரா.

"அது வரைக்கும் பேச்சு போகலை. அதுக்குள்ள வாத்துக் கறி வந்திடுச்சு."

குவாக்கோ தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தான். தன் திட்டத்தைச் சொன்னான். விடியும்போது ஆறு அடிவற்றத்தில் இருக்கும். பனிமூட்டம் இருக்கும். ஐந்து கட்டாகப் பிரித்த வயலைத் தாண்டினால் எதிர்க்கரை, நீலச்சட்டைக்காரர்கள் இருக்கும் பக்கம். "நான் முன்னால போறேன். எல்லாரும் என் பின்னால வாங்க" என்று முடித்தான். கேப்டனோடு ஒரு பகல் முழுவதும் நின்றதில் ஏதோ தொற்றியிருக்க வேண்டும்.

"நீ முன்னால போனா முதல் வாய்க்கால்லயே எல்லாருக்கும் சொர்க்கம்" என்றாள் டைரா.

"இருபத்தாறு வருஷமா இந்தத் தண்ணியை..."

"கரைமேல நின்னுகிட்டே பாத்தே. சேத்துல எறங்கி எத்தினி வருஷமாச்சு? தண்ணி மேல எப்படிப் போவும்னு ஒனக்குத் தெரியும்யா. கீழ என்ன இருக்குன்னு எங்க காலுக்குத்தான் தெரியும்."

குவாக்கோ உட்கார்ந்தான். அவள் சொன்னது உண்மை. ஒவ்வொரு கட்டிலும் ஆள் ஆழத்துக்கு வடிகால் வாய்க்கால்கள் குறுக்கும் நெடுக்கும் ஓடின. அவற்றைத் தாண்ட அங்கங்கே ஒரு மிதிதிட்டு, ஒரு ஆள் அகலத்துக்கு. கறுப்புத் தண்ணீருக்கு அடியில் எதுவும் தெரியாது. ஆனால் தோட்டத்தில் வேலை பங்கு போட்டுக் கொடுப்பது வழக்கம். இன்ன கட்டு இன்னாருடையது; தன் பங்கை முடித்தவள் மீதிப் பொழுதைத் தனக்கென்று வைத்துக்கொள்ளலாம். அதனால் வருடக்கணக்காக ஒவ்வொருத்தியும் ஒரே மண்ணில் நடந்திருந்தாள். சீக்கிரம் முடிக்க வேண்டும் என்ற அவசரத்தில் குனிந்த தலை நிமிராமல் நடந்து பழகிய கால்கள்.

"முதல் கட்டு என்னுது" என்றாள் டைரா. "ரெண்டாவது சூக்கி. நாலும் அஞ்சும் பெந்தா பாத்துக்குவா. அவங்கவங்க கட்டுல அவங்கவங்க முன்னால."

"மூணாவது?" என்றாள் பெந்தா.

மூன்றாவது கட்டு ஜூனோவுடையது. ஜூனோ அந்தப் பதினோரு பேரில் ஒருத்தி. அவள் போன பிறகு வாடகைக்கு வந்த ஆட்கள் அங்கே புது வாய்க்கால் வெட்டிவிட்டுத் திரும்பிப் போய்விட்டார்கள்.

"மூணாவதுல நீ முன்னால போய்யா" என்றாள் டைரா புருஷனிடம். "அங்க ஒருத்தருக்கும் ஒண்ணும் தெரியாது. ஒனக்கும் தெரியாது. சரிக்குச் சரி."

விடியலில் அறுபத்து நான்கு பேர் வயலில் இறங்கினார்கள். டிசம்பர் மாதத் தண்ணீர் கெண்டைக்காலைக் கத்தியால் சுரண்டுவது போல் இருந்தது. மூடுபனியில் முன்னால் போகிறவரின் முதுகுதான் தெரிந்தது. கோழிகளின் மூக்கை நூலால் கட்டியிருந்தார்கள். சட்டி பானைகளுக்குள் துணி திணித்திருந்தார்கள். முன்னால் போகிறவர் கால் எடுத்த இடத்தில் பின்னால் வருகிறவர் கால் வைக்க வேண்டும் என்பதுதான் ஒரே கட்டளை.

டைரா தனக்குத்தானே முணுமுணுத்தபடி நடந்தாள். "இங்க என் மம்பட்டி ஒடிஞ்சுது. நேரா. இங்க பாம்பு. இந்த எடத்துலதான் பிரிஸ்டல் என்னைச் சாட்டையால அடிச்சான், பெந்தா வயித்துல ஏழு மாசம். இங்கேருந்து இடது பக்கம் ரெண்டு எட்டு, திட்டு." கால் வைத்தாள். திட்டு இருந்தது.

குவாக்கோ அவள் பின்னால் அளவுகோலைத் தோளில் சாய்த்துக்கொண்டு நடந்தான்.

சூக்கியின் கட்டைத் தாண்டியபோது பொழுது நன்றாக ஏறிவிட்டது. மூன்றாவது கட்டின் விளிம்பில் வரிசை நின்றது. குவாக்கோ முன்னால் வந்தான். கோலை ஊன்றினான்; தரை. ஒரு எட்டு. ஊன்றினான்; தரை. மூன்றாவது முறை கோல் முழுசாக உள்ளே போனது. பக்கவாட்டில் தேடினான். அங்கேயும் இல்லை. பத்து எட்டுக்குக் கால் மணி நேரம் ஆனது. பனி முதுகுகளை ஒவ்வொன்றாக விட்டுக்கொடுத்துக்கொண்டே வந்தது. முதலில் கடைசி ஆள் தெரிந்தான். பிறகு பின்னால் கரை தெரிந்தது. பிறகு கரையில் குதிரை தெரிந்தது.

கேப்டன் வெண்டல் தன் கடலைப் பார்வையிட வந்திருந்தார். கடலின் நடுவில் அறுபத்து நான்கு பேர் நின்றுகொண்டிருந்தார்கள்.

அவர் இரண்டு கையையும் விரித்து, "திரும்பி வாருங்கள்! ஆறடி ஆழம்! மூழ்கி மடிந்துபோவீர்கள்!" என்று கத்தினார். ஏமாற்றுவதற்காகச் சொல்லவில்லை. எழுதி, மூன்று முறை படித்து, கையெழுத்துப் போட்ட மனிதர். மனதாரச் சொன்னார்.

கெண்டைக்கால் தண்ணீரில் கோழியோடு நின்ற சூக்கி திரும்பி, "எங்க துரை, வந்து காட்டுங்க!" என்றாள்.

நாலைந்து பேர் சிரித்துவிட்டார்கள். அப்போதுதான் முதல் துப்பாக்கி வெடித்தது.

சிறு குண்டுகள் தண்ணீரில் புளியங்கொட்டை கொட்டியது போல் விழுந்தன. எல்லோரும் குனிந்தார்கள். பாம்ப்பி மட்டும் நிமிர்ந்தான். "என்னைத் தெரியும் அவங்களுக்கு" என்றான். "நான் வீட்டு ஆளு. என் கோட்டைப் பாத்தா சுட மாட்டாங்க." கோட்டு கரைக்குத் தெரியட்டும் என்று கைகளைத் தூக்கிக்கொண்டு வரிசையிலிருந்து இரண்டு எட்டு விலகி நின்றான். மூன்றாவது எட்டில் ஆள் இல்லை.

சத்தமே இல்லை. முழங்காலுக்குக் கீழே நின்ற தண்ணீரில் ஒரு முழு மனிதன் காணாமல் போனான். கோட்டுப் பைகளில் பெரிய வீட்டு வெள்ளிக் கரண்டிகள் நிறைய இருந்தன என்று பிறகு சூக்கி சொன்னாள். குவாக்கோ கோலை நீட்டித் துழாவினான். எதுவும் பற்றவில்லை. தண்ணீர் மறுபடியும் கறுப்பாக, தட்டையாக, ஒன்றும் அறியாதது போல் கிடந்தது.

கரையில் கேப்டன் பிரிஸ்டலிடம் ஏதோ சொன்னார். பிரிஸ்டல் அவசரப்படாமல் மதகுக்கு நடந்தான். வெளிக்கதவை முழுசாகத் தூக்கினான். அவனுக்கு அது கனமாகவே இல்லை.

ஆற்றில் ஏற்றம் தொடங்கி ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. குவாக்கோ கெண்டைக்காலில் அதை உணர்ந்தான். சில்லென்று ஒரு தள்ளல். பின்னாலிருந்து மெதுவாக, நிற்காமல் வரும் தள்ளல். இன்னும் அரை மணியில் இடுப்பு. ஒரு மணியில் கழுத்து. கோலை ஊன்றி ஊன்றிப் போனால் பாதிக் கட்டுகூடத் தாண்ட முடியாது.

"என்னய்யா நிக்கிறே?" என்றாள் டைரா. முதல் தடவையாக அவள் குரலில் பயம் இருந்தது.

"பேசாதே புள்ள. பாக்க விடு."

உள்ளே வரும் தண்ணீர் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி வருவதில்லை. முதலில் ஆழத்தைத் தேடும். வாய்க்கால் வழியே ஓடி, அது நிறைந்த பிறகுதான் திட்டில் ஏறும். இருபத்தாறு வருடமாகக் கரைமேல் நின்று அவன் பார்த்தது அதைத்தான். இப்போது மேலே மிதந்த கரித்தூள் அசையத் தொடங்கியது. சில இடங்களில் நின்றது, சில இடங்களில் ஓடியது. ஓடின இடங்கள் கோடுகளாயின. யாரோ ஸ்லேட்டில் கோடு போட்டது போல் ஜூனோவின் கட்டு முழுவதும், புது வாய்க்கால் பழைய வாய்க்கால் எல்லாம், அவன் கண்முன்னே விரிந்தது. கோடு அறுந்து, கரி சுழித்து நின்ற இடமெல்லாம் மிதிதிட்டு.

"கரி ஓடற எடத்துல கால் வைக்காதீங்க! என் பின்னால வாங்க!" என்று கத்திவிட்டு ஓடினான். இந்தத் தடவை டைரா மறுத்துப் பேசவில்லை.

நாலாவது கட்டில் தொடை. ஐந்தாவதில் இடுப்பு. கரித்தூள் எங்கும் ஒரே மாதிரி பரவிவிட்டது. அவன் படிப்பு அதோடு முடிந்தது. பெந்தா முன்னால் போனாள். அவள் எதையும் முணுமுணுக்கவில்லை. வாயை இறுக மூடிக்கொண்டு, கண்ணையும் மூடிக்கொண்டு, காலால் மட்டும் நடந்தாள். குழந்தைகள் தோளில் ஏறின. கோழிகள் தலையில் ஏறின. எதிர்க்கரையில் கடைசி ஆளைப் பிடித்து மேலே இழுத்தபோது தண்ணீர் மார்பு வரை வந்திருந்தது. கேப்டனின் அறிக்கை அரை நாள் தாமதமாக உண்மையாகிக்கொண்டிருந்தது.

எண்ணிப் பார்த்தார்கள். அறுபத்து மூன்று.

கரைக்கு அப்பால், ஆற்றோடு சேரும் ஒரு கால்வாய். அதன்மேல் படகுகளை வரிசையாகக் கட்டிப் பலகை போட்டு, நீலச்சட்டைப் படை அக்கரைக்குப் போய்க்கொண்டிருந்தது. பாலத்துக்கு இந்தப் பக்கம் சரிவில் நூறு நூற்றைம்பது பேர் மூட்டை முடிச்சோடு உட்கார்ந்திருந்தார்கள். வேறு வேறு தோட்டத்து ஜனங்கள். பாலத்து வாசலில் வெள்ளைக் கையுறை போட்ட ஒரு நீலக் கேப்டன்.

நனைந்து நடுங்கி நின்ற கூட்டத்தைக் கண்டதும் அவர் தொப்பியைக் கழற்றினார். "நண்பர்களே! இன்று முதல் நீங்கள் சுதந்திர மனிதர்கள். குடியரசு உங்களை ஒருபோதும் கைவிடாது. படை முதலில் கடக்கட்டும். பின்னர் உங்கள் முறை. அதுவரை அமைதியாக அமர்ந்திருங்கள். என் கௌரவத்தின்மேல் ஆணை!"

அந்தக் குரலைக் குவாக்கோ நேற்றே கேட்டிருந்தான். சட்டை நிறம்தான் வேறு.

"எவ்வளவு நேரம் ஆவும் துரை?"

"உரிய நேரம்."

"மத்தியானம் ஆனா ஆறு வத்த ஆரம்பிக்கும் துரை. உள்கதவைத் தூக்கினா சாயங்காலத்துக்குள்ள வயலு சேறாயிடும். குதிரை வரலாம். தூக்கறதுக்கு அங்க ஆளு இருக்கு."

"நமக்குப் பின்காவல் படை உண்டு" என்றார் கேப்டன், புன்னகையோடு.

பின்காவல் படை பாலத்தின்மேல் போய்க்கொண்டிருந்தது. குவாக்கோ அவர் முகத்தை விட்டுவிட்டுப் பாலத்தைப் பார்த்தான். கதவு தூக்கிப் பிழைத்தவனுக்கு வாயைவிடக் கையைப் பார்க்கத்தான் பழக்கம். இந்தப் பக்கக் கடைசிப் படகில் இரண்டு சிப்பாய்கள் குனிந்து பலகைக் கயிற்றின் முடிச்சுகளைத் தளர்த்திக்கொண்டிருந்தார்கள். இன்னும் மூன்று வண்டிகள் பாக்கி இருந்தன.

"டைரா. ஒக்காராதே."

அவள் அந்தக் கைகளைப் பார்த்தாள். பாவாடையை இடுப்பில் செருகிக்கொண்டு வண்டிகளுக்கு நடுவே நடந்தாள். பின்னால் பெந்தா, சூக்கி, மற்றவர்கள். பாலத்தின் நுனியில் ஒரு சிப்பாய் துப்பாக்கியைக் குறுக்கே நீட்டினான். மாடு மேய்த்த முகம், சிவந்த காது.

"உத்தரவு இல்லை. கேப்டன் சொல்லலை."

பெந்தா நேராகப் போய்த் துப்பாக்கி தன் நெஞ்சில் இடிக்கும்வரை நடந்து நின்றாள். "சுடறதுன்னா சீக்கிரம் சுடுங்க. குளிருது."

அவன் கேப்டனைத் திரும்பிப் பார்த்தான். கேப்டன் சரிவில் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்துக் குடியரசைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்; பேச்சு அப்போதுதான் சூடு பிடித்திருந்தது. சிப்பாயின் துப்பாக்கி அரையடி விலகியது. அந்த அரையடியில் அவர்கள் நுழைந்தார்கள், வண்டி வாலைப் பிடித்துக்கொண்டு, சக்கரத்தோடு ஒட்டிக்கொண்டு.

"எழுந்திரிங்க! எங்ககூட வாங்க!" என்று குவாக்கோ சரிவைப் பார்த்துக் கத்தினான். ஏழெட்டுப் பேர் எழுந்து ஓடி வந்தார்கள். மற்றவர்கள் அவனை மரியாதை தெரியாதவனைப் பார்ப்பது போல் பார்த்தார்கள்.

கடைசி வண்டியோடு கேப்டனும் அக்கரைக்கு வந்து சேர்ந்தார். கையுறையைச் சரிசெய்துகொண்டு, யாரையும் பார்க்காமல், குதிரை ஏறிப் போனார். சிப்பாய்கள் பலகைகளை அடுக்கினார்கள். படகுகளை ஒவ்வொன்றாகத் தங்கள் பக்கம் இழுத்தார்கள்.

டைரா பெந்தாவின் தலைமுடியிலிருந்து கரியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். குவாக்கோ கால்வாய் விளிம்புக்குப் போனான். எதிரே சரிவில் ஒரு பெண் மடியில் குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். தலையில் மஞ்சள் துணி.

"தாயி! பாலத்தை எடுத்துட்டாங்க! அங்க ஒக்காந்திருக்காதே! கால்வாயோரமாவே தெக்கே போ, எல்லாரையும் கூட்டிட்டுப் போ! தண்ணி வத்தறதுக்குள்ள போ!"

அவள் கையை நெற்றிமேல் வைத்து அவனைப் பார்த்தாள்.

"வருவாங்கய்யா! வேற பாலம் கொண்டு வருவாங்க!" என்று திருப்பிக் கத்தினாள். "அந்த தொரை தொப்பியைக் கழட்டிட்டுச் சொன்னாரு. எங்களுக்கு இதுவரைக்கும் யாரு தொப்பி கழட்டியிருக்கா?"

வெயில் உச்சியைத் தாண்டியிருந்தது. அவள் காலடியில், கால்வாய்ச் சரிவில், ஒரு விரல் அகலத்துக்கு ஈரக்கோடு புதிதாகத் தெரிந்தது. குவாக்கோ அதைப் பார்த்துக்கொண்டே நின்றான். கோடு இரண்டு விரலானது.